பொருநைக்கரை நாதம்: காருகுறிச்சி அருணாசலனார் வரலாறு

புலவர் மறைந்தால் அவர் இயற்றிய நூல் எஞ்சுகின்றது. சிற்பி மறைந்தால் அவர் செதுக்கிய கல் எஞ்சுகின்றது. இசைவாணர் மறைந்தாலோ, அவருடைய இசை கேட்டவர் உள்ளத்தேயன்றி வேறெங்கும் முழுமையாகத் தங்குவதில்லை. இசைத்தட்டும் ஒலிநாடாவும் ஓரளவு காத்துத் தருகின்றன. ஆயினும் ஊர் உறங்கிய பின் தேரோடும் வீதியில் நின்று விடியுமளவும் கேட்ட இசையை எந்தத் தட்டும் அடக்கிவிட மாட்டாது. ஆதலின், இசைவாணர் ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுவோர், அவரைக் கேட்ட மக்களுடைய வரலாற்றையும் உடனெழுதக் கடமைப்பட்டவராவர்.

நம் கல்லூரியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடையக்கூடிய ஊர் காருகுறிச்சி. அவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டு, தமிழ் வழங்கும் இடமெல்லாம் அதனைக் கொண்டு சென்றவர் நாதஸ்வர வித்துவான் அருணாசலனார். நம் மாணவருட் பெரும்பாலோர் அவருடைய நாதத்தை ஒரு திரைப்பாட்டின் வாயிலாக மட்டும் அறிந்திருக்கின்றனர். அப்பாட்டை வாசித்தவர் நம் ஆற்றங்கரைக்காரர் என்பதையோ, அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த வாழ்வையோ அறிந்தவர் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் போக்கவே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

பொதியமலையிற் பிறக்கும் பொருநையாறு, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி முதலிய ஊர்களை வளப்படுத்திக்கொண்டு கிழக்கே ஓடுகின்றது. ஆற்றின் தென்புறத்தே கன்னடியன் கால்வாய் பாய, அதனால் விளையும் வயல்களின் நடுவே வீரவநல்லூர், காருகுறிச்சி, பத்தமடை என ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. பத்தமடையார் கோரையை நெய்து பாயாக்குவர். காருகுறிச்சிக் குயவர் களிமண்ணை வனைந்து கலமாக்குவர். கைத்தொழிலின் நுட்பத்தை அறிந்த மக்கள் வாழும் பகுதி இது.

இசைக்கும் இம்மாவட்டம் புதியதன்று. நெல்லையப்பர் கோயிலின் கற்றூண்கள் தட்டினால் சுரம் பேசுவனவாக நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். வடகிழக்கே எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களைக் கழித்து 1835-ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வூரிலேயே சுப்பராம தீட்சிதர் தம் பெரிய இசைநூலை 1904-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இத்துணைச் சிறப்பிருந்தும், நாதஸ்வரம் என்றால் மக்கள் நோக்கிய திசை காவிரிக்கரையே. திருவாரூர், திருவாவடுதுறை முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அக்கலை வளர்ந்தது. கருவியைச் செய்யும் ஆசாரிமாரும் நரசிங்கம்பேட்டையில் இருந்தனர். பொருநைக்கரையிற் பிறந்த ஒருவர் அக்கலையில் முதல்வரிசையில் நிற்பது எளிதன்று என்பதை இதனால் அறியலாம்.

நம் ஊர்ப்புறத்தார் நாயனம் என்று வழங்கும் அக்கருவியின் இயல்பையும் ஈண்டுச் சிறிது கூறுவோம். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த நீண்ட குழல்; அதன் அடியில் விரிந்த அணசு; நுனியில் நாணலாற் செய்த சீவாளி. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழே. வீணைக்கு மெட்டு உண்டு. நாதஸ்வரத்துக்கோ அத்தகைய துணை ஒன்றும் இல்லை. ஒரே துளையில் விரலின் அழுத்தத்தாலும், உதட்டின் பிடிப்பாலும், மூச்சின் அளவாலும் சுரத்தை நுண்ணிதாக ஏற்றியும் இறக்கியும் காட்டல் வேண்டும். மூச்சுச் சற்றுத் தளர்ந்தால் சுருதி தளரும். சற்று மிகுந்தால் ஒலி கரடாகும். வயலுக்கு அப்பாலும் கேட்கும் பேரொலியும், அருகிருப்பார் நெஞ்சைக் குழைக்கும் மென்மையும் ஒரே குழலிலிருந்து வருவது பயிற்சியின் பயனேயன்றி வேறன்று.

அருணாசலனார் 1921-ஆம் ஆண்டிற் காருகுறிச்சியில் தோன்றினார். இளமையிலேயே குழலைக் கையிலெடுத்து, இம்மாவட்டத்திற் கிடைத்த பயிற்சியைப் பெற்றார். அந்நாளில் நாயனம் பயிலும் சிறுவர் எவருக்கும் உள்ளத்தில் நின்ற உருவம் ஒன்றே. அது திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் உருவம். அப்பெரியாரைப் பற்றிச் சில சொல்லாமல் அருணாசலனார் வரலாற்றைச் சொல்ல இயலாது.

ராஜரத்தினம் பிள்ளை 1898-ஆம் ஆண்டில் திருமருகலிற் பிறந்தவர். வாய்ப்பாட்டும் பிடிலும் பயின்ற பின் நாதஸ்வரத்துக்கு வந்தவர். அதனால் பாடுவோர் தொண்டையிற் பிறக்கும் நெளிவுகளெல்லாம் அவர் குழலிற் பிறந்தன. அந்நாளிற் பெரிதும் வழங்கிய குழல் திமிரி எனப்படும் குட்டையான குழல். அதன் சுருதி உயர்ந்தது. அவரோ நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீளமான பாரிக் குழலைத் திருத்தமுறச் செய்வித்துத் தாழ்ந்த சுருதியில் வாசித்தார். தோடி ராகத்தை அவர் எடுத்தால் மணிக்கணக்கிற் செல்லும். ஒரு முறை வந்த பிடி மறுமுறை வாராது.

கலையில் மட்டுமன்று, கலைஞர் நிலையிலும் அவர் மாறுதல் செய்தார். நாதஸ்வரக்காரர் மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு, திறந்த மார்பினராய், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வாசிப்பதே வழக்கமாயிருந்தது. பாடகருக்கு மேடையும், நாயனக்காரருக்குத் தெருவும் என்று உலகம் வகுத்திருந்தது. ராஜரத்தினம் பிள்ளை அவ்வகுப்பை ஏற்கவில்லை. கிராப்பு வைத்து, பட்டுச்சட்டையும் நீண்ட அங்கியும் அணிந்து, மேடைமேல் அமர்ந்து வாசித்தார். 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்தில் அவரே தலைவராக நடித்தார். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் வானொலியின் வழியே அவர் நாதம் மங்கல ஒலியாக ஒலித்தது. ஊருக்கு அவர் வருகின்றார் என்றால், அவ்விரவு அங்கே எவரும் உறங்கார்.

அத்தகைய இரவுகளிற் கேட்டு நின்ற ஆயிரவருள் நம் காருகுறிச்சிச் சிறுவரும் ஒருவர். ஏனையோர் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பினர். இவர் கேட்டதைக் குழலில் தேடத் தொடங்கினார். ரசிகருக்கும் மாணாக்கருக்கும் உள்ள வேறுபாடு இஃதே என்று நாம் கருதுகின்றோம். தென் மாவட்டத்துக்கு வாசிக்க வந்த ராஜரத்தினம் பிள்ளை இளைஞரின் வாசிப்பைக் கேட்டு அவருடைய தகுதியை உணர்ந்தார்; தம்முடன் சேர்த்துக்கொண்டார். பொருநைக்கரைப் பிள்ளை காவிரிக்கரைப் பேராசானுக்கு மாணாக்கரானார்.

அக்காலத்துக் குருகுலம் நம் வகுப்பறை போன்றதன்று. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பாடம் அங்கில்லை. ஆசிரியருடன் ஊர் ஊராகச் செல்லல், அவர் குறிப்பறிந்து பணிசெய்தல், அவர் வாசிக்கும்போது பக்கத்தில் இரண்டாம் நாயனமாக நிற்றல் ஆகிய இவையே பாடம். இரண்டாம் நாயனம் என்பதன் அருமையை அறியாதார் பலர். முன்னவர் மூச்சு வாங்கும்போது சுரம் அறுபடாமல் தாங்கல் வேண்டும். அவர் ஒரு பிடியைப் பிடித்து விடும்போது, அதனை அப்படியே ஏற்றுத் திருப்பித் தருதல் வேண்டும். தருங்கால் அவரினும் ஓங்கலாகாது; அவர் விட்ட இடத்தினின்றும் தாழவுங் கூடாது. அடுத்து அவர் எங்கே செல்வார் என்பதை முன்னறிய வேண்டும். அறிந்தும் அவருக்கு முன்னே சென்றுவிடலாகாது. இத்துணைக் கட்டுப்பாடும் உடைய கேள்வி வேறெங்கும் இல்லை. ராஜரத்தினம் பிள்ளைக்கு உலகெங்கும் ரசிகர் இருந்தனர்; அவருக்கு மிக அண்மையில், குழலை வாயில் வைத்துக்கொண்டே கேட்ட ரசிகர் அருணாசலனார்.

பின்னர் அவர் தாமே தலைமை நாயனமாக நின்று வாசித்த காலத்தில், நம் பகுதித் திருவிழா இரவு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் வயலில் வேலை செய்த உழவன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். அவனுக்குச் சங்கீத சபையில் இடமில்லை. சீட்டு வாங்கப் பணமும் இல்லை. பொழுது சாய்ந்ததும் ஆற்றில் குளித்து, சோறுண்டு, துண்டைத் தோளிற் போட்டுக்கொண்டு ஊராருடன் வரப்பு வழியே நடக்கின்றான். மாட்டு வண்டிகள் சில வைக்கோல் பரப்பி, பெண்டிரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முன்னே செல்கின்றன. காற்று வாக்கில் ஒத்தின் ஒலி முதலிற் கேட்கின்றது. அடுத்துத் தவிலின் முழக்கம். நடை விரைகின்றது.

சுவாமி வீதிக்கு எழுந்தருளும்போது மல்லாரி முழங்குகின்றது. காஸ் விளக்குகளின் வெளிச்சத்தில் ஊர்வலம் மெல்ல நகர்கின்றது. தெருமுனையில் அது நிற்கின்றது. அங்கேதான் கச்சேரி. மக்கள் மணலிலும் திண்ணைகளிலும் இடம்பிடித்து அமர்கின்றனர். வித்துவான் சீவாளியை ஈரப்படுத்தி, கெண்டையிற் செருகி, ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கின்றார். பேச்சு அடங்குகின்றது. ராகம் இன்னதென்று பெயர் சொல்ல நம் உழவனுக்குத் தெரியாது. ஆனால் சுரம் எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்பது அவன் காதுக்குத் தெரியும். ஆண்டாண்டாக இதே தெருவிற் கேட்டுக் கேட்டு வந்த அறிவு அது. நல்ல பிடி ஒன்று வரும்போது அவன் வாயிலிருந்து ஒலி ஒன்று தன்னையறியாமல் எழுகின்றது. அக்கம்பக்கத்தாரும் அதே நொடியில் தலையசைக்கின்றனர். வாசிப்பவர் அதனைக் கேட்கின்றார். கேட்டு, அதே பிடியை வேறு வகையாக மீண்டும் தருகின்றார்.

நள்ளிரவு கழிந்து தவில் தனியாவர்த்தனம். பலாமரத்துத் தவிலில், வலக்கை விரல்களிற் கூடு மாட்டிய ஒருவரும் எதிரே மற்றொருவரும் கணக்கில் போட்டியிட, கூட்டம் தாளம் போடுகின்றது. பிள்ளைகள் தாயர் மடியில் உறங்கிவிட்டனர். கீழ்வானம் வெளுக்கும்போது ஊர்வலம் கோயில் வாசலை அடைகின்றது. உழவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு மீண்டும் வரப்பு வழியே நடக்கின்றான். வீட்டுக்குச் செல்லவில்லை, நேரே வயலுக்குச் செல்கின்றான். அடுத்த திருவிழா வரும்வரை அவ்விரவு அவனுடன் இருக்கும்.

இவ்விரவில் ஒரு பெரிய செய்தி அடங்கியுள்ளது. சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயில் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ மக்கள் தம் ஊர்க் கோயில் வாசலைத் தாண்டவும் உரிமையற்று நின்றனர். சபைகளோ பொருளுடையார்க்கும் கற்றார்க்கும் உரியனவாயிருந்தன. நாதஸ்வரத்தின் ஒலிக்கு மட்டும் மதிலும் இல்லை, சீட்டும் இல்லை. உள்ளே செல்ல ஒண்ணாதவன் காதிலும் அது சென்று சேர்ந்தது. தெருவில் நிற்பதைத் தாழ்வெனக் கருதி மேடைக்கு ஏறப் போராடினார் ராஜரத்தினம் பிள்ளை. அது நேர்மையான போராட்டம். எனினும், எவர் எந்தத் தெருவில் நின்றாலும் கேட்குமாறு இருந்த அந்நாதமே எளிய மக்களைச் சங்கீத ரசிகராக்கியது என்பதையும் மறத்தலாகாது. அருணாசலனார் இவ்விரண்டு நன்மைகளையும் ஒருங்கே பெற்றார். ஆசிரியர் தேடித் தந்த மேடை மதிப்பும் அவருக்கிருந்தது; தெருவில் அமர்ந்த உழவனின் அன்பும் அவருக்கிருந்தது.

1956-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். நாதஸ்வர உலகு தலைவனை இழந்தது. அருணாசலனாருக்கோ அஃது இழப்பு மட்டுமன்று, சோதனையுமாயிற்று. பெரிய மரத்தின் நிழலில் வளர்ந்த செடி, மரம் சாய்ந்தபின் வெயிலைத் தாங்குமோ என்பதே கேள்வி. மக்கள் அவரிடம் ஆசிரியரின் தோடியை எதிர்பார்த்தனர். அதனை அப்படியே தந்தால் நிழல் என்பர். தாராவிடில் நன்றி மறந்தார் என்பர். கற்றவர் எல்லோரும் என்றேனும் ஒரு நாள் நிற்க வேண்டிய இடம் இது. ஆசிரியரிடத்துப் பேரன்பு கொண்டவர்க்கு அச்சோதனை இன்னும் கடுமையாகும். ஏனெனில், அவரைப் பின்பற்றுவதே அவர்க்கு இன்பமாயிருக்கும்.

அருணாசலனார் அச்சோதனையை வென்றமைக்கு அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளே சான்று. ராகத்தை விரிக்கும் முறையிலும், நீண்ட மூச்சிலும், பாரிக் குழலின் கம்பீரத்திலும் ஆசிரியரின் முத்திரை தெளிவாகக் கேட்கின்றது. அதனை அவர் மறைக்க முயன்றாரல்லர். ஆயினும் ஒலியின் குழைவு அவருடையது. பெருவெள்ளம் போல் வந்தது ஆசிரியரின் வாசிப்பு எனின், கால்வாயில் அமைந்து வயலுக்குப் பாயும் நீர் போன்றது மாணாக்கரின் வாசிப்பு. இரண்டும் ஒரே ஆற்று நீரே; கால்வாய் நீருக்கு இலக்கும் அடக்கமும் மிகுதி. சுரங்கள் ஒவ்வொன்றும் தெளிந்து, இனிமை கெடாமல், பாடுவார் குரல் போலவே சொற்களை உணர்த்தி நிற்பதை இன்றும் கேட்டு அறியலாம். நன்றியையும் தனித்தன்மையையும் ஒருங்கே காத்தார் என்பதே அவருடைய வரலாற்றின் உயிர்நிலை.

பிற்காலத்தில் அவர் கோவிற்பட்டியில் வாழ்ந்தார். பொருநையின் நஞ்சை நிலத்திலிருந்து கரிசற்காட்டுக்குச் சென்ற அவரை, அக்கரிசல் மண் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டது. அருகே இடைசெவலில் தோன்றிய எழுத்தாளர் இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், இசையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர்கள். அருணாசலனாரின் நாதத்திற் பெரிதும் தோய்ந்தவர்கள். தன்னந்தனியராய் ராகங்களை ஆராய்ந்து பாடிய விளாத்திகுளம் சுவாமிகள் வாழ்ந்ததும் அவ்வட்டாரமே. பெருநகரச் சபைகளுக்குத் தொலைவில், பருத்தியும் தீப்பெட்டியும் விளையும் ஓர் ஊரைச் சுற்றி இத்துணை நுண்ணிய செவிகள் கூடியிருந்தன. நல்ல கலைஞர் தோன்றுவதற்கு நல்ல ஆசிரியர் மட்டும் போதாது. நல்ல கேள்வியாளரும் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இனி, அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சென்ற திரைப்படத்துக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டில் கொஞ்சும் சலங்கை என்னும் வண்ணப்படம் வெளிவந்தது. எம். வி. ராமன் இயக்கினார், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்தார். கதைத்தலைவர் நாதஸ்வரம் வாசிப்பவர். அவ்வேடத்தில் ஜெமினி கணேசனும், உடன் பாடும் பெண்ணாகச் சாவித்திரியும் தோன்றினர். கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதிய முருகன் மீதான பாட்டை ஆபேரி ராகத்தில் எஸ். ஜானகி பாட, திரைக்குப் பின்னிருந்து வாசித்தவர் அருணாசலனார். பெண்குரலும் குழலும் சுரங்களை மாறி மாறி வீசி, முடிவில் எது குரல், எது குழல் என்று ஐயுறும்படி ஒன்றாகும் அப்பாட்டு, தமிழ்நாட்டில் ஒலிக்காத ஊர் இல்லை. குரலோடு குழல் போட்டியிட்டதாகப் பலர் கூறுவர். நமக்கோ அது போட்டியாகத் தோன்றவில்லை. இரண்டாம் நாயனமாகப் பல்லாண்டு நின்றவரின் பண்பு அதிற் கேட்கின்றது: முன்னவரை ஓங்காமலும், அவரிற் தாழாமலும் உடன் செல்லும் பண்பு.

அப்பாட்டு அவருக்கு அளித்தது மிகப் பெரிது. அது மறைத்ததும் சிறிதன்று. சில நிமிடங்களில் முடியும் பாட்டே அருணாசலனார் என்று பின்வந்தோர் எண்ணலாயினர். ஓர் இரவு முழுதும் விரிந்த ராகமும், தெருமுனையில் அவர் காத்த மௌனமும், உழவன் எழுப்பிய ஒலியும் அச்சில நிமிடங்களுள் அடங்கா. எனினும் பாட்டைக் குறைகூறுதல் முறையன்று. வாசலைக் கண்டு வீட்டுக்குள் நுழையாதவன் குறைக்கு வாசல் என் செய்யும்?

படம் வெளிவந்து ஈராண்டுகளே கழிந்தன. 1964-ஆம் ஆண்டில், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், அருணாசலனார் மறைந்தார். ஆசிரியர் மறைந்தபின் தாம் தனித்து நின்று வாசிக்க அவருக்குக் கிடைத்தவை ஏழெட்டு ஆண்டுகளே. குழல் முதிரும் பருவத்தில் மூச்சு நின்றது. கோவிற்பட்டியில் அவருடைய நினைவிடமும், குழலேந்திய சிலையும் உள்ளன. 2021-ஆம் ஆண்டில் அவருடைய நூற்றாண்டை இசையன்பர் கொண்டாடினர்.

அவர் மறைந்த அதே 1964-ஆம் ஆண்டில், உலகின் மற்றொரு பக்கத்தில், இங்கிலாந்து தேசத்துப் பீட்டில்ஸ் என்னும் இளைஞர் நால்வர் அமெரிக்கா சென்று தம் ராக் இசையால் அந்நாட்டைக் கலக்கினர். மறு ஆண்டில் நியூயார்க்கு நகரத்து விளையாட்டரங்கு ஒன்றில் அவரைக் காண ஏறத்தாழ 55,000 பேர் திரண்டனர். ரசிகர் எழுப்பிய கூச்சலில், வாசித்தவர்க்கே தம் வாசிப்புக் கேட்கவில்லையாம். 1969-ஆம் ஆண்டில் உட்ஸ்டாக் பெருவிழாவில் ஒரு பண்ணை வெளியில் 4 லட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் இரவும் பகலும் தங்கி இசை கேட்டனர். இச்செய்திகளை நம் மாணவர் வியப்புடன் படிக்கின்றனர். அவ்விசையைச் செவிக்கருவிகளில் விரும்பிக் கேட்கவும் செய்கின்றனர். அதிற் குற்றமொன்றும் இல்லை. இசைக்காக ஓர் இரவின் உறக்கத்தைத் துறத்தல் எந்நாட்டிலும் அன்பின் அடையாளமே. ஆனால் வானமே கூரையாக, விடியுமளவும் மண்ணில் அமர்ந்து கேட்கும் அத்தகைய பேரிரவு, அவர்கள் பாட்டனார் ஊரில் திருவிழாதோறும் நடந்தது என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். அங்கே ரசிகரின் ஆரவாரம் இசையை மூடியது. இங்கே ரசிகரின் அமைதி இசையைத் தாங்கியது. இவ்வொரு வேறுபாட்டையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இன்று நம் மாவட்டத்துத் திருமணங்களில் நாதஸ்வரத்துக்கு வழங்கும் இடம் யாது? தாலிகட்டும் நேரத்துக்கு ஒரு கெட்டிமேளம். அஃது ஒழிந்தால் விருந்தினர் பேச்சுக்கிடையே எவரும் செவிகொடாத பின்னணி. சிலவிடங்களில் அதுவும் இல்லை, ஒலிபெருக்கியிற் பதிவிசை. மேடையில் வாசிக்கும் இளைஞர், ஒரு நல்ல பிடி வந்த நொடியில் கூட்டத்தை நோக்குகின்றார். நிமிர்ந்து பார்ப்பார் ஒருவருமில்லை. நாமும் அக்கூட்டத்தில் உணவுப் பந்தியை நோக்கி நின்றதுண்டு. அருணாசலனார் போன்றார் இனித் தோன்றுவரோ என்று வினவுவோர், அவர்போல் வாசிப்பார் உளரோ என்று மட்டும் கேட்கின்றனர். அவரைக் கேட்டாற்போற் கேட்பார் உளரோ என்பதன்றோ முதலிற் கேட்கத்தக்கது?

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றினின்றும் நீவிர் கொள்ளத்தக்கன இரண்டு. ஆசிரியரைப் போற்றுதல் என்பது அவரைப் போலவே ஆகிவிடுதலன்று; அவர் தந்ததை முழுதும் ஏற்று, அதனைத் தன் மூச்சால் ஒலிப்பித்தல். இஃது ஒன்று. நாம் எல்லோரும் குழலூதப் பிறந்தோமல்லோம். எனினும் எல்லோரும் செவியுடையோம். நன்கு வாசிப்பவர் ஒருவர் எதிரே நிற்கையில், அவர்க்கு நம் செவியை முழுமையாகத் தருதல் நம்மால் இயலும். இஃது இரண்டாவது. விடுமுறை நாளொன்றில் சேரன்மாதேவி வழியே செல்லும் புகைவண்டியிலேறிக் காருகுறிச்சி நிலையத்தில் இறங்குங்கள். கால்வாய்க் கரையில் சற்று நடந்து, நிழலுள்ள இடத்தில் அமர்ந்து, அவர் வாசித்த ராகமொன்றை முதலிலிருந்து முடிவுவரை, இடையிற் பேசாமற் கேளுங்கள். அவ்வுழவன் கேட்டதில் ஒரு பங்கேனும் உங்களுக்குக் கிட்டும்.

பொருநை ஓடுமளவும் அந்நாதம் நிலவுக!